மலையகத்தில் ஓவர்டிரைவ் பெடல் வாங்கப் போகிறவர்களுக்கு

எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தைக் கிழித்து முரடாக்குகிற, காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிதான் ஓவர்டிரைவ் பெடல். "எந்த ஓவர்டிரைவ் பெடல் நல்லது?" என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: பெடலில் இருந்து வெளியே வருகிற வயரை எதில் சொருகப் போகிறீர்கள்? கிட்டார் ஆம்பிலா, சபையில் இருக்கிற கீபோர்ட் ஆம்பிலா, இல்லை திருவிழா மேடையில் சவுண்ட்காரர் கொண்டுவந்து நீட்டுகிற மிக்சர் வயரிலா? பெடலின் பெயர், நிறம், அதை யார் வாசித்தார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் வாசிக்கிற நம்மில் நிறையப் பேருக்கு மேடையில் கிட்டார் ஆம்ப் கிடைப்பதே அபூர்வம். இருப்பது பி.ஏ. செட், அதாவது எல்லோருடைய சத்தத்தையும் கூட்டத்துக்குக் கொடுக்கிற மிக்சரும் பெரிய ஸ்பீக்கர்களும், அதில் நமக்கு ஒரு சானல், அவ்வளவுதான்.

யூடியூபில் கேட்டு மயங்குகிற அந்தச் சத்தம் பெடலில் இருந்து மட்டும் வருவதில்லை. அங்கே பெடல் ஓர் ஆம்புக்குள் போகிறது, ஆம்ப் 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கரை அடிக்கிறது, அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்து ரெக்கோர்ட் பண்ணுகிறார்கள். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தத்தைப் பெரும்பாலும் வெளியே விடாது. ஓவர்டிரைவ் உண்டாக்குகிற முரட்டு ஓரங்கள் அதிகம் இருப்பது அதற்கு மேலேதான், அதனால் ஸ்பீக்கரே அவற்றை வடிகட்டி மீதியை இனிமையாகக் கொடுத்துவிடுகிறது. பி.ஏ. செட்டில் மேல் சத்தத்தைக் கொடுக்கிற ஹோர்ன் அப்படி இல்லை, 15,000 ஹேர்ட்ஸ் தாண்டியும் எல்லாவற்றையும் கொட்டும். அதே பெடலை நேரே மிக்சரில் சொருகி ஒரு கோர்ட் அடித்துப் பாருங்கள், தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்த மாதிரி இருக்கும். பெடலை மாற்றி மாற்றி வாங்கினாலும் இது போகாது, குறை பெடலில் இல்லை.

ஆகவே மேடையில் மிக்சரில்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் காசை ஸ்பீக்கர் சத்தத்தைப் போலச் செய்யும் வசதி உள்ள பெட்டிக்குக் கொடுங்கள். கேப் சிமுலேஷன் என்று சொல்வார்கள், சில பெட்டிகளில் ஐ.ஆர். என்று போட்டிருக்கும். சூம் ஜி1 ஃபோர் மாதிரி ஒரு சின்ன மல்டி எஃபெக்ட் எடுத்தால் ஆம்ப், கேபினட், ஓவர்டிரைவ், டிலே, டியூனர் எல்லாம் ஒன்றிலேயே வந்துவிடும். நான்கு ஏ.ஏ. பேட்டரியில் ஓடும், ஹெட்போன் ஓட்டையும் உண்டு. லயக் காம்பராவில் இருந்து வாசிக்கிற பிள்ளைக்கு அந்த ஹெட்போன் ஓட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் காம்பராவில் விடியக்காலையில் தோட்ட வேலைக்கு, பிரட்டுக்கு, போக வேண்டிய மனிதர்கள் தூங்குகிறார்கள், இடையில் இருப்பது ஒரு சுவர்தான். 2022-இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டியபோது பேட்டரியில் ஓடும் பெட்டி வைத்திருந்தவர்கள் பயிற்சியை விடாமல் செய்தார்கள். நக்ஸ், வாலட்டன், மூவர் கம்பெனிகளும் இந்த வகையில் பெட்டிகள் போடுகின்றன. தனிப் பெடல்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஜோயோ அமெரிக்கன் சவுண்ட் போன்றதைப் பாருங்கள். ஃபெண்டர் ஆம்பின் சத்தத்தைப் போலச் செய்கிற சின்னப் பெட்டி அது. ஓவர்டிரைவுக்குப் பிறகு, பெடல் சங்கிலியின் வால்பக்கம் வைத்து மிக்சருக்குப் போகலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இப்படிப்பட்ட பெட்டியை என்றைக்காவது உண்மையான கிட்டார் ஆம்பில் சொருகினால் கேப் சிமுலேஷனை ஆஃப் பண்ணுங்கள். இரண்டு தடவை வடிகட்டினால் சத்தம் கம்பளிக்குள்ளே இருந்து வரும்.

மிக்சரில் வாசிப்பவர்கள் கவனிக்காமல் விடுகிற இன்னொன்று பைபாஸ், அதாவது பெடலை ஆஃப் பண்ணியிருக்கும்போது சத்தம் போகிற வழி. கிட்டாரின் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) எதிரே ஒரு மெகா ஓம் அளவு மின்தடை இருந்தால்தான் டிரெபிள், அதாவது மேல் சத்தம், உயிரோடு வரும், பெடல்களின் உள்ளீடு பெரும்பாலும் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கும். மிக்சரின் உள்ளீடு அதைவிட எவ்வளவோ குறைவு. ட்ரூ பைபாஸ் பெடல் என்றால் ஆஃப் பண்ணியதும் சத்தத்தை வெறும் வயர் மாதிரி விட்டுவிடும், கிட்டார் நேரே மிக்சரைச் சந்திக்கிறது, சத்தம் மங்கிப்போகிறது. பாட்டின் சோலோ பிரமாதமாக வந்துவிட்டு ரிதம் மட்டும் ஏன் செத்துக் கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு அநேகமாக இதுதான் காரணம். பொஸ் கம்பெனி பெடல்கள் பெரும்பாலானவற்றில் பஃபர், அதாவது கிட்டார் சிக்னலைத் திடமாக்கி அனுப்பும் சின்னச் சர்க்யூட், இருக்கிறது, ஆஃப் பண்ணினாலும் வேலை செய்யும். அப்படி ஒன்று சங்கிலியில் இருந்தால் நீளமான வயரிலும் டிரெபிள் போகாது. "ட்ரூ பைபாஸ்" என்று பெரிதாகப் போட்டு விற்பதைப் பார்த்து அதுதான் உசத்தி என்று நினைக்க வேண்டாம், நம் மேடைகளுக்கு பஃபர்தான் உதவி.

சரி, இனி ஓவர்டிரைவுக்கு வருவோம். இபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் 1970களின் கடைசியில் வந்தது, இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பச்சைப் பெட்டிகளில் பாதி அதன் வாரிசுகள்தான். அதன் குணம் என்னவென்றால் அடிப்பக்க பேஸைக் குறைத்துவிட்டு 700 ஹேர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில், அதாவது நடுப்பகுதியில், சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். தனியாக வீட்டில் வாசித்தால் மூக்கால் பேசுவது மாதிரி இருக்கிறது என்று சிலருக்குப் பிடிக்காது. ஆனால் நம் இசைக்குழு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்: கீபோர்ட் இரண்டு கையாலும் கீழே பேஸ், மேலே ஸ்ட்ரிங்ஸ் என்று நிரப்பிவிடும், ஒக்டபேட் (எலெக்ட்ரோனிக் டிரம்) அடிப்பவர் மேலும் கீழும் மீதியைப் பிடித்துக்கொள்வார், பாட்டுக்காரருக்குப் போக கிட்டாருக்கு மிஞ்சுவது அந்த நடுப்பகுதியில் ஒரு சின்ன இடம்தான். டியூப் ஸ்க்ரீமர் சரியாக அங்கே போய் உட்காரும். அதனால்தான் முதல் ஓவர்டிரைவாக நான் அந்தக் குடும்பத்தையே சொல்கிறேன். அசலை வாங்க வேண்டும் என்று இல்லை. பெரிஞ்சர் டி.ஓ.800, ஜோயோ விண்டேஜ் ஓவர்டிரைவ் இரண்டும் அதே சர்க்யூட்டைப் பின்பற்றியவை, காசு மிகக் குறைவு. பெரிஞ்சரின் உடம்பு பிளாஸ்டிக், ஜோயோவினது இரும்பு மாதிரி கெட்டி, மேடைக்கு என்றால் ஜோயோவை எடுங்கள்.

பொஸ் எஸ்.டி.-1 1981-இல் இருந்து இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. டியூப் ஸ்க்ரீமருக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் சத்த அலையின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் சமமில்லாமல் நறுக்குவதால் கொஞ்சம் கரடுமுரடு கூட. விலைக்கும் உறுதிக்கும் இதைவிடச் சிறந்த பெடல் எனக்குத் தெரியவில்லை. 1995-இல் வந்த ப்ளூஸ் டிரைவர் வேறு ஜாதி, பேஸைக் குறைக்காது, நீங்கள் மெதுவாக அடித்தால் சுத்தமாகவும் அழுத்தி அடித்தால் கிழிந்தும் வரும். கிட்டார் ஆம்ப் உள்ளவர்களுக்கு அருமை, நேரே மிக்சருக்குப் போகிறவர்களுக்கு அதன் டிரெபிள் தாங்காது. பொஸ் டி.எஸ்.-1, புரோகோ ராட் இரண்டும் டிஸ்டோர்ஷன். இவை அலையை இன்னும் கடுமையாக நறுக்குகின்றன, ராக் வாசிப்பவர்களுக்குப் பொருந்தும். குளோன் சென்டோர் என்ற ஓவர்டிரைவ் பற்றி நிறையப் பேசுவார்கள். 1994-இல் வந்து குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டதால் அசலின் விலை வானத்தில் நிற்கிறது. அதன் பிரதிகள் மலிவாகவே கிடைக்கின்றன, இரண்டாவது ஓவர்டிரைவாக வைத்துக்கொள்ள நல்லவை.

சத்தத்தை எல்லாவற்றையும்விட முரட்டுத்தனமாகக் கிழிக்கிற ஃபஸ் பெடல் மேல் ஆசை உள்ளவர்களுக்கு நம் ஊர் சம்பந்தமான ஒரு விஷயம். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் மாதிரியான பழைய வகைகளில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இருக்கும், அதற்குச் சூடும் குளிரும் ஒத்துவராது. கொழும்பு வெயிலில் கடையில் கேட்ட சத்தம் ஜனவரி இராத்திரியில் நுவரெலியாவில் அப்படியே வராது. சிலிக்கன் டிரான்சிஸ்டர் போட்டதை வாங்கினால் இந்தப் பிரச்சினை பெரிதாக இராது.

பெடலின் குமிழ்களை எப்படித் திருப்பி வைப்பது என்பதிலும் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். டியூப் (வால்வு) ஆம்ப் கிடைத்தால் கிழிசலைக் கூட்டுகிற டிரைவைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டுகிற லெவலை ஏற்றுங்கள், அந்தத் தள்ளலில் ஆம்பே கிழியும், அந்தச் சத்தத்துக்கு ஈடு இல்லை. நம் வீடுகளில் இருக்கிற சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் அதைக் கிளீனில் வைத்து, கிழிசல் முழுவதையும் பெடலிடமே கேளுங்கள். டோனைப் பாதியில் வைத்துத் தொடங்கி, காது கூசாத இடம் வரை இறக்குங்கள். அப்புறம் லெவலைப் பெடல் ஆன், ஆஃப் இரண்டிலும் ஒரே சத்தம் வரும்படி வையுங்கள், சோலோவுக்கு என்றால் சற்றுக் கூட. வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது காதுக்கு பேஸ் குறைவாகக் கேட்கும், அதற்காக பேஸையும் டிரைவையும் ஏற்றி வைத்திருப்பீர்கள். அதே நிலையில் மேடையில் வாசித்தால் சத்தம் குழம்பி, எந்தக் கோர்ட் என்றே தெரியாமல் போகும். மேடையில் டிரைவை வீட்டில் வைப்பதைவிடக் குறையுங்கள். மேடையில் நிற்கிற உங்களுக்குப் போதாத மாதிரி இருக்கும், கீழே சனத்துக்குச் சரியாகக் கேட்கும்.

மற்ற எஃபெக்ட்களில் முதலில் டியூனர். சொல்லத் தேவையில்லை. அடுத்தது எதிரொலி கொடுக்கிற டிலே. அதன் நேரத்தைப் பாட்டின் வேகத்தோடு பொருத்த 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால் வகுக்க வேண்டும், 120 வேகத்துக்கு 500 மில்லிசெக்கண்ட் வரும், அதில் முக்கால் பங்கு 375 வைத்தால் அந்தத் துள்ளல் எதிரொலி கிடைக்கும். ரிவேர்பை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், தகரக் கூரை போட்ட மண்டபமும் சீமெந்துச் சுவரும் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு எதிரொலிக்கின்றன. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் வரும் மினுமினுப்பான கிட்டாருக்கு கோரஸ் வேண்டும். வரிசை பெரும்பாலும் டியூனர், வாவா, ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவேர்ப் என்று போனால் சரியாக வரும்.

கரண்ட் விஷயத்தில்தான் அதிகப் பெடல்கள் சாகின்றன. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டி.சி., நடு முனை நெகட்டிவ். அடாப்டரின் ஸ்டிக்கரில் ஒரு சின்ன வட்டம் வரைந்து நடுவில் புள்ளி போட்டிருக்கும், அந்தப் புள்ளியில் இருந்து போகிற கோடு கழித்தல் குறியில் முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் கிடக்கிற ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடு பாசிட்டிவ். அதே மாதிரி ஓட்டைதான், சொருகினால் உள்ளே போகும், பெடல் கருகிவிடலாம். அடுத்து மில்லிஅம்பியர். ஓர் ஓவர்டிரைவுக்கு 10, 20 போதும், டிஜிட்டல் டிலேக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும், மல்டி எஃபெக்ட் இன்னும் கூடக் கேட்கும். எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேலே கொடுக்கிற அடாப்டரை எடுங்கள். ஒரே அடாப்டரில் டிஜிட்டலையும் ஓவர்டிரைவையும் தொடுத்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரலாம், அப்போது ஓவர்டிரைவை மட்டும் பேட்டரியில் போடுங்கள், சத்தம் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் பெடலுக்கு கிட்டார் வயரைச் சொருகுவதுதான் ஸ்விட்ச், வாசித்து முடித்ததும் அந்த வயரைக் கழற்றாவிட்டால் விடியும்போது பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஹம் சத்தத்தை நிறுத்துவதற்காக அடாப்டரின் அல்லது ஆம்பின் எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 230 வோல்ட் விளையாட்டு இல்லை. தோட்டத்து மேடைகளில் தூரத்தில் இருந்து இழுத்த லைனுக்கு எர்த்தே இல்லாமல் இருக்கலாம், கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கலாம். மேடைக்கு வருகிற லைனில் கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று சவுண்ட்காரரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஏப்ரலிலும் ஐப்பசி மழையிலும் இடி முழங்கத் தொடங்கினால் வாசிப்பதை நிறுத்தி எல்லா அடாப்டரையும் சுவரில் இருந்து பிடுங்குங்கள்.

பழைய பெடல் வாங்குவது நல்ல யோசனைதான், இக்மன் விளம்பரத் தளத்தில் தேடினால் அடிக்கடி வரும், ஆனால் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாமல் நேரில் போங்கள், உங்கள் கிட்டாரையும் வயரையும் கொண்டு போங்கள். முதலில் கீழ்மூடியைத் திறந்து பேட்டரி இருக்கும் இடத்தைப் பாருங்கள், வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் பேட்டரி ஒழுகியிருக்கிறது, சர்க்யூட் வரை அரித்திருக்கலாம். ஒவ்வொரு குமிழையும் மெதுவாக முழுச்சுற்றும் திருப்புங்கள், கரகரவென்றால் உள்ளே ஈரமும் தூசியும் புகுந்திருக்கிறது. நம் பக்கத்து மூடுபனியில் இது சாதாரணம், கொன்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், விலை பேச ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைகளில் சொருகிய வயரை இலேசாக ஆட்டுங்கள், சத்தம் விட்டு விட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது. கால் சுவிட்சைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், ஒவ்வொரு மிதிக்கும் லைட் தவறாமல் மாற வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டு அதற்குள் பெடலை வையுங்கள், பல நாள் வாசிக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள்.