பீரியட் நேரத்தை மாத்தும்போது ஸ்கூல்கள் கோட்டை விடுற இடங்கள்

நம்ம ஊர்ல பெரும்பாலான ஸ்கூல்ல நாளுக்கு எட்டு பீரியட், ஒவ்வொண்ணும் 40, 45 நிமிஷம், பல வருஷமா இப்படித்தான் ஓடிட்டு இருக்கு. இப்ப சில ஸ்கூல்ல இதை மாத்திப் பாக்குறாங்க, 80, 90 நிமிஷ பிளாக் பீரியட், ஒருநாள் விட்டு ஒருநாள் பாடம், காலைல லேட்டா ஆரம்பிக்கிறதுன்னு. முயற்சி நல்லதுதான், ஒன்பதாம் கிளாஸ் பசங்க லேப்ல ஒரு சோதனையை பாதி செஞ்சுட்டு இருக்கும்போதே பெல் அடிச்சு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுறதை பாத்த யாருக்கும் இது ஏன் வேணும்னு புரியும். ஆனா அவசரப்பட்டு மாத்தினா அடுத்த ஜூன்லயே பழைய டைம்டேபிளுக்கு திரும்ப வேண்டியிருக்கும்.

முதல் தவறு, பெல்லை மட்டும் மாத்திட்டு பாடத்தை அப்படியே விடுறது. 40 நிமிஷத்துக்குன்னு தயார் பண்ண பாடம் 40 நிமிஷத்துல முடிஞ்சிடும், மிச்ச நேரம் நோட்ல எழுதுங்கன்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதான், பின் பெஞ்ச் மொத்தமும் தூங்கும். நீளமான பீரியட்னா முதல் 15, 20 நிமிஷம் சொல்லிக்கொடுத்து, அப்புறம் பசங்களே செய்ய ஒரு வேலை, கடைசில அதைப் பத்தி பேச்சுன்னு பிரிச்சாத்தான் தாங்கும். அப்படி ஒரு பாடத்தை திட்டம் போடவே டீச்சருக்கு நேரம் வேணும், ஏப்ரல் மாசமே அந்த வேலை ஆரம்பிக்கணும். தமிழ்நாட்டுல செயல்வழிக் கற்றல் 2003ல சென்னை மாநகராட்சி ஸ்கூல்கள்ல தொடங்கி 2007ல மாநிலம் முழுக்க வந்தப்போ, ஒண்ணுல இருந்து நாலாம் கிளாஸ் வரைக்கும் குழந்தைங்க அவங்கவங்க வேகத்துல, அடுத்து என்ன படிக்கணும்னு வரிசையா காட்டுற ஏணிப்படி சார்ட்டைப் பாத்து, அதுக்கான பாட அட்டையை எடுத்துப் படிச்சாங்க. அங்க பீரியட் கணக்கு தளர்ந்ததுக்கு காரணம் அட்டையும் ஏணிப்படியும் கைல இருந்ததுதான், அது இல்லாம நேரத்தை மட்டும் தளர்த்தியிருந்தா வெறும் கூச்சல்தான் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. அமெரிக்காவுல 1990கள்ல நிறைய ஹைஸ்கூல் நாளுக்கு நாலே நாலு 90 நிமிஷ கிளாஸ், ஒரு வருஷப் பாடத்தை அரை வருஷத்துல முடிக்கிறதுன்னு மாறினாங்க. 50 நிமிஷ பீரியட் 180 நாள்னா 150 மணிநேரம், 90 நிமிஷ பீரியட் 90 நாள்னா 135 மணிநேரம்தான். பீரியட் பெருசா தெரியுது, ஆனா ஒரு பாடத்துக்கு 15 மணிநேரம் காணாம போச்சு! இந்தக் கணக்கைப் போடாம இறங்கினா டிசம்பர்ல போர்ஷன் முடியல, ஸ்பெஷல் கிளாஸ் வைங்கன்னு ஆரம்பிச்சிடும். இங்க கல்வி உரிமைச் சட்டமே ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் வருஷத்துக்கு 200 நாள், 800 மணிநேரம், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 220 நாள், 1000 மணிநேரம்னு சொல்லுது. பரீட்சை நாள், ஆண்டு விழா ரிகர்சல், ஸ்போர்ட்ஸ் டே எல்லாம் கழிச்சு எவ்வளவு நிக்குதுன்னு முதல்ல பேப்பர்ல போட்டுப் பாருங்க.

எல்லா பாடத்துக்கும் ஒரே நீளம் கொடுக்குறதும் தப்பு. கணக்கும் மொழியும் தினமும் கொஞ்சமாச்சும் தொடணும். ஒருநாள் விட்டு ஒருநாள்னு வச்சா, வியாழக்கிழமை காய்ச்சல்ல லீவு போட்ட பையன் செவ்வாய்க்கு அப்புறம் திங்கக்கிழமைதான் கணக்கு கிளாஸைப் பாப்பான், அதுக்குள்ள பாதி மறந்திருக்கும். சயின்ஸ் லேபுக்கும் சோஷியல் ப்ராஜெக்ட்டுக்கும் நீளமான பீரியட், கணக்குக்கு தினசரி சின்ன பீரியட்னு ஒரே டைம்டேபிள்ல ரெண்டையும் வைக்கலாம், போடுறவங்களுக்கு வேலை கூடும், ஆனா பசங்களுக்கு அதுதான் நல்லது.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் இதுதான், நேரம் பத்தலன்னா முதல்ல வெட்டுறது பிடி பீரியட், டிராயிங், லைப்ரரி, அதுக்கப்புறம் இன்டர்வெல். பிடி பீரியடை கணக்கு டீச்சர் கடன் வாங்குறது ஏற்கனவே வழக்கம், வாங்கினது திரும்பி வர்றதே இல்ல. பின்லாந்துல பொதுவா 45 நிமிஷ பாடத்துக்கு 15 நிமிஷ இடைவேளை. இங்க 90 நிமிஷ பிளாக் வச்சுட்டு ரெண்டு பிளாக் நடுவுல அஞ்சு நிமிஷம் விட்டா, நூத்துக்கணக்கான பொண்ணுங்க இருக்குற ஸ்கூல்ல அந்த நாலஞ்சு டாய்லெட்ல யாருதான் போயிட்டு வர முடியும், அதனாலயே தண்ணி குடிக்காம சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு இருக்குற பொண்ணுங்க இருக்காங்க. கேரளாவுல 2019ல தண்ணி குடிக்கன்னே தனியா பெல் அடிக்க ஆரம்பிச்சாங்க, அது எவ்வளவு அவசியம்னு யோசிங்க. இன்டர்வெல் எத்தனை நிமிஷம்னு முடிவு பண்ணும்போது டாய்லெட்டை எண்ணுங்க.

டீச்சரோட நேரத்தையும் யாரும் எண்ணுறதில்ல. கல்வி உரிமைச் சட்டத்துல டீச்சருக்கு வாரத்துக்கு 45 மணிநேரம்னு இருக்கு, பாடம் தயார் பண்ற நேரமும் அதுக்குள்ளதான். மூணு பிளாக் தொடர்ச்சியா நின்னு எடுத்தா நாலரை மணிநேரம். ஒரு டீச்சர் லீவுன்னா 90 நிமிஷம் ஓட்டை, அந்த சப்ஸ்டிட்யூஷனுக்குப் போறவங்க கைல என்ன இருக்கும்னு முன்னாடியே எழுதி வைக்கணும்.

லேட்டா ஆரம்பிக்கிற விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு. டீன் ஏஜ் பசங்களுக்கு தூக்கம் பத்தலன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014ல காலை 8.30க்கு முன்னாடி ஸ்கூல் வேணாம்னு சொன்னாங்க, கலிபோர்னியா 2019ல சட்டமே போட்டு 2022ல இருந்து ஹைஸ்கூலுக்கு அமல்படுத்துச்சு. இங்க பல ஸ்கூல் ஆரம்பிக்கிறதே 9 மணிக்குதான், தூக்கத்தைத் திருடுறது பத்தாம் கிளாஸுக்கு காலைல 7.30க்கு வைக்கிற ஸ்பெஷல் கிளாஸ். அதை விட்டுட்டு ஸ்கூல் நேரத்தை அரை மணி தள்ளினா, சாயங்காலம் பஸ் பாஸ்ல கிராமத்துக்குப் போற பிள்ளைக்கு இருக்குற ஒரே டவுன் பஸ்ஸும் போயிடும், இருட்டுலதான் வீடு சேரும். பஸ் டைமிங்கைக் கேக்காம எதையும் மாத்தாதீங்க.

ஒரேயடியா எல்லா கிளாஸுக்கும் மாத்தவும் வேணாம். எட்டாவதுலயோ ஒன்பதாவதுலயோ ஜூன்ல ஆரம்பிங்க, காலாண்டு முடிஞ்சதும் டீச்சருங்ககிட்டயும் பசங்ககிட்டயும் பேர் போடாம எழுதி வாங்குங்க, அரையாண்டு லீவுக்குள்ள திருத்தின டைம்டேபிள் நோட்டீஸ் போர்டுல இருக்கணும்.