சைக்கோபையில் முதல் உளவியல் சோதனை: ஸ்ட்ரூப்

"சிவப்பு" என்ற சொல்லை நீல நிறத்தில் காட்டி, எழுத்தின் நிறம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யாராக இருந்தாலும் ஒரு கணம் தடுமாறுவார்கள். நிறத்தைச் சொல்வதற்குள் வாசிப்பு முந்திக்கொள்கிறது. இதைச் சோதித்து 1935இல் வெளியிட்ட ஜான் ரிட்லி ஸ்ட்ரூப்பின் பெயரே இந்தச் சோதனைக்கு நிலைத்துவிட்டது. கணினியில் சோதனை நடத்தப் பழகுகிறவர்கள் இதில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். விளைவு பெரியது என்பதால், அமைப்பில் எங்காவது கோளாறு இருந்தால் தரவே காட்டிக்கொடுத்துவிடும்.

மென்பொருளுக்கு சைக்கோபையை எடுத்துக்கொள்வோம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பியர்ஸ் தொடங்கியது. இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை, அதன் பில்டர் திரையே போதும். இதே வேலைக்கான ஓப்பன்செசமி என்ற மென்பொருளும் இலவசம்தான், அதில் பழகியவர்கள் அதிலேயே இதைச் செய்யலாம்.

1. முதலில் அட்டவணை

மென்பொருளைத் திறக்கும் முன் எக்செல்லைத் திறங்கள். சோதனை என்பதே இந்த அட்டவணைதான். மென்பொருள் அதை வரிவரியாகத் திரையில் காட்டுகிறது, அவ்வளவே.

நான்கு நிரல்கள் (காலம்கள், அதாவது மேலிருந்து கீழாக வரும் கட்டங்கள்) வேண்டும்: காட்டும் சொல், எழுத்தின் நிறம், சரியான விசை, வகை. தலைப்புகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். அவை புரோகிராமில் மாறிகளின் (வரிக்கு வரி மதிப்பு மாறுபவை) பெயர்களாகப் போகின்றன. சொல் தமிழில் இருக்கலாம். நிறத்தின் பெயரும் விசையின் பெயரும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சிவப்புக்கு இடது அம்பு, பச்சைக்குக் கீழ் அம்பு, நீலத்துக்கு வலது அம்பு என்று வைத்துக்கொள்வோம். விசை நிறத்துக்கு உரியது, சொல்லுக்கு அல்ல. அட்டவணையை நிரப்பும்போது கை பழக்கத்தில் சொல்லைப் பார்த்துப் போகும், கவனம்.

மூன்று சொல், மூன்று நிறம்: மொத்தம் 9 வரிகள். ஆனால் சொல்லும் நிறமும் பொருந்துபவை 3தான், பொருந்தாதவை 6. பொருந்துபவை எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தே ஸ்ட்ரூப் விளைவின் அளவு மாறும் என்பதால், பொருந்தும் வரிகளை இன்னொரு முறை நகலெடுத்து 12 வரிகளாக்குங்கள். இப்போது பாதிக்குப் பாதி. வகை நிரலில் பொருத்தம், முரண் என்று குறித்துவிட்டால் பிறகு தரவைப் பிரிக்கும் வேலை மிச்சம்.

2. ஒரு முறை காட்டுவது எப்படி

பில்டரில் புதிய கோப்பைத் திறந்து, அட்டவணை இருக்கும் அதே கோப்புறையில் சேமியுங்கள். 'ட்ரயல்' என்ற ரொட்டீன், அதாவது ஒரு முறை காட்டுவதற்கான பகுதி, தயாராக இருக்கும். அதில் மூன்று உறுப்புகளைச் சேருங்கள்.

முதலாவது, பார்வையை நடுவில் நிறுத்த ஒரு கூட்டல் குறி: டெக்ஸ்ட் உறுப்பு, 0 முதல் 0.5 வினாடி வரை.

இரண்டாவது, சொல். இதுவும் டெக்ஸ்ட் உறுப்பு, 0.5இல் தொடங்கும், முடிவு நேரத்தைக் காலியாக விடுங்கள். உரைக்கான பெட்டியில் டாலர் குறி போட்டு, ஒட்டியே சொல் நிரலின் தலைப்பை எழுதுங்கள். நிறத்துக்கும் அப்படியே. பக்கத்தில் உள்ள பட்டியலில் 'கான்ஸ்டன்ட்' என்பதை 'செட் எவ்ரி ரிப்பீட்' என்று மாற்ற வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள். இதை மாற்றாவிட்டால் சோதனை தொடங்கும்போதே பிழைச் செய்தி வந்து நின்றுவிடும்.

மூன்றாவது, கீபோர்டு உறுப்பு. இதுவும் 0.5இல்தான் தொடங்க வேண்டும். எதிர்வினை நேரம் இந்த உறுப்பு தொடங்கும் கணத்திலிருந்து அளக்கப்படுகிறது. 0 என்று விட்டால் ஒவ்வொரு விடையிலும் அரை வினாடி கூடுதலாக ஏறிவிடும். அனுமதிக்கும் விசைகளில் மூன்று அம்புகளை மட்டும் கொடுங்கள். 'ஸ்டோர் கரெக்ட்' என்பதைத் தேர்ந்து, சரியான விடைக்கான பெட்டியில் டாலர் குறியுடன் விசை நிரலின் தலைப்பை எழுதுங்கள்.

தமிழ் எழுத்துக்கு, தமிழ் உள்ள எழுத்துருவின் பெயரைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 9 சொற்களையும் நிறத்தோடு படங்களாகச் சேமித்து, இமேஜ் உறுப்பில் காட்டலாம். அப்போது சொல் நிரலில் படக் கோப்பின் பெயர் வரும்.

3. சுற்று

கீழே உள்ள ஓட்டப் பட்டையில் 'இன்சர்ட் லூப்' கொடுத்து ட்ரயலைச் சுற்றிவளையுங்கள். வகை ரேண்டம், 5 சுற்று, கோப்பு உங்கள் அட்டவணை. கோப்பைத் தேர்ந்ததும் 12 நிலைகள் (வரிகள்), 4 மாறிகள் (நிரல்கள்) என்று காட்ட வேண்டும். வேறு எண் வந்தால் அட்டவணையில் எங்கோ தலைப்பில்லாத நிரலோ வெற்று வரியோ இருக்கிறது. மொத்தம் 60 முறை காட்டப்படும்.

சுற்றுக்கு முன் ஒரு அறிவுரைத் திரை, பின் ஒரு நன்றித் திரை. பயிற்சிக்கு அதே ட்ரயலை முன்னால் இன்னொரு முறை செருகி, தனிச் சுற்று போடலாம்.

4. முதலில் நீங்களே உட்காருங்கள்

முழுவதையும் ஒரு முறை நீங்களே செய்துவிட்டு, தரவுக் கோப்புறையில் உள்ள சிஎஸ்வி கோப்பை (எக்செல்லில் திறக்கும் அட்டவணை) திறங்கள். எதிர்வினை நேரம் வினாடியில் இருக்கும், 0.7 என்றால் 700 மில்லிவினாடி. சரி, தவறு காட்டும் நிரலில் எல்லாமே 0 என்றால், அட்டவணையில் விசையின் பெயர் பொருந்தவில்லை. இதைப் பார்க்காமல் ஒருவரையும் அழைக்காதீர்கள். பங்கேற்பவரின் நேரத்தை வீணாக்க நமக்கு உரிமை இல்லை.

ஆட்களை அழைக்கும்போது என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். எஸ்கேப் விசை சோதனையை நிறுத்தும். தொடக்கப் பெட்டியில் பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே கணினி, ஒரே விசைப்பலகை. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும், விசைப்பலகையும் கொஞ்சம் தாமதிக்கும். ஒரே ஆளின் இரண்டு வகைகளை ஒப்பிடுவதால் இந்தத் தாமதம் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றாகவே விழும்.

அப்புறம் கணக்கு. பயிற்சியையும் தவறான விடைகளையும் நீக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் பொருத்தத்தின் சராசரி, முரணின் சராசரி எடுங்கள். முரணிலிருந்து பொருத்தத்தைக் கழித்தால் அவருடைய ஸ்ட்ரூப் விளைவு. எல்லோருடைய தரவையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுப்பதைவிட, ஆளுக்கொரு எண்ணாக இதை வரிசைப்படுத்திப் பாருங்கள். யாருடையது எதிர்க்குறியில் வருகிறதோ அவருடைய கோப்பைத் திறந்து வரிவரியாகப் படியுங்கள்.