சமையல் மேடைக்குக் கல் வாங்கப் போகிறீர்களா? ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்

வீட்டில் ஒரு நாள்கூட சமைக்காத ஆளைக் கல் கடைக்கு அனுப்புவதுதான் முதல் தப்பு. அவர் நிறத்தைப் பார்த்து, விலையைப் பேசி, வண்டியில் ஏற்றிவிட்டு வந்துவிடுவார். அந்த மேடையில் புளித் தண்ணீர் சிந்தும், மஞ்சள்தூள் கொட்டும், குக்கரை அடுப்பிலிருந்து அப்படியே இறக்கி வைப்போம், ராத்திரி ஆட்டி வைத்த மாவு பொங்கி வழிந்து காலைவரை காய்ந்து கிடக்கும். இதையெல்லாம் தாங்குமா என்று பார்த்துத்தான் கல் எடுக்க வேண்டும்.

கடப்பா கல் மலிவு. ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டால் அரிக்கும். அம்மா வீட்டில் எலுமிச்சம்பழம் பிழிகிற மூலை மட்டும் பாலீஷ் போய் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் திரும்பாது. கீழே பாத்திரம் அடுக்கும் தட்டுக்கு அது போதும், மேலே வேண்டாம். மார்பிளுக்கும் இதே கதைதான், கூடவே மஞ்சள் கறை வேறு.

நம் சமையலுக்கு இன்னும் கிரானைட்தான் என் ஓட்டு. சூடு தாங்கும், புளிப்புக்கு அசையாது. ஆனால் 'கறுப்புதான் கெத்து' என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சிங்க்கைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படிந்து, துடைத்த ஈரம் காய்ந்ததுமே மறுபடி தெரியும். சாம்பலும் பழுப்புமாகப் புள்ளி போட்ட நடுத்தர நிறக் கல்லில் அரிசி மாவும் தெரியாது, உப்பும் தெரியாது.

சரி, கடையில் என்ன செய்வது? பிடித்த கல்லில் ஒரு சின்னத் துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள். அதில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, பக்கத்தில் தண்ணீர் நாலு சொட்டு, இன்னொரு இடத்தில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வந்து துடைத்துப் பாருங்கள். சாறு பட்ட இடம் மங்கியிருந்தால் அது வேண்டாம். தண்ணீரும் எண்ணெயும் இறங்கிக் கறுத்திருந்தால் அந்தக் கல் உறிஞ்சுகிறது, சீலர் என்ற, உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சை அடித்து அவ்வப்போது பராமரிக்கத் தயாராக இருந்தால் மட்டும் எடுங்கள். கறுப்புக் கல் என்றால் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், துணியில் கறுப்பு ஏறினால் சாயம் பூசிய கல். அப்புறம் பலகையின் பின்பக்கத்தையும் பாருங்கள். முன்னால் பாலீஷில் மறைந்த விரிசல் பின்னால் கோடாகத் தெரியும்.

குவார்ட்ஸ் பற்றிக் கேட்பீர்கள். பார்க்க அழகு, தண்ணீர் உறிஞ்சாது. ஆனால் பொடித்த குவார்ட்ஸ் கல்லைப் பிசினில் (ரெசின்) கலந்து இறுக்கிச் செய்த பலகை அது. கல்லுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பிசினுக்குச் சூடு ஆகாது, 150 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே ஆபத்துதான். தங்கை வீட்டில் குடிவந்த இரண்டாம் வாரமே இரும்பு தோசைக்கல்லை மேடையில் வைத்துவிட்டு யாரோ வந்தார்கள் என்று கதவைத் திறக்கப் போனாள், திரும்பி வந்து எடுத்தால் அடியில் வட்டமாக மஞ்சள் தழும்பு. இன்னும் இருக்கிறது, மேலே ஊறுகாய் ஜாடி வைத்து மறைத்திருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அடியில் மனைப்பலகை போட்டுப் பாத்திரம் இறக்கும் பழக்கம் இருந்தால் குவார்ட்ஸ் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். பளபளவென்று வெள்ளையாக வரும் நானோ வொயிட் என்ற செயற்கைப் பலகை கண்ணாடி சேர்ந்தது, தேங்காய் உடைக்கிற வீட்டுக்கு ஆகாது. டைல்ஸ் ஒட்டிய மேடையில் இணைப்புக் கோடுகள் ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடும்.

கல்லை முடிவு செய்துவிட்டீர்களா, இனி அளவு. மேடை 24 அங்குலம் என்றால் அதே அகலப் பலகை போதாது, கீழ்க் கதவுக்கு மேல் ஒரு அங்குலமாவது வெளியே நீட்ட வேண்டும், ஆகவே 25 அங்குலமாவது இருக்கிற பலகையாகப் பாருங்கள். கனம் 18 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. ஜாயின்ட் எங்கே வருகிறது என்று வெட்டுவதற்கு முன்னாலேயே மேஸ்திரியிடம் கேட்டுவிடுங்கள், சிங்க் மேலேயோ அடுப்புக்கு நடுவிலேயோ வரக்கூடாது. சிங்க்குக்கு வெட்டியபின் முன்பக்கம் மிஞ்சுகிற ஒல்லிப் பட்டைதான் தூக்கும்போது முதலில் உடையும் இடம். அங்கே அடியில் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள். நீட்டிய விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி (பள்ளக் கோடு) வெட்டினால் வழிகிற தண்ணீர் அதோடு சொட்டிவிடும், அலமாரிக் கதவுக்குப் போகாது. கூலி கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

சிங்க்குக்காக வெட்டியெடுத்த துண்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், அதற்கும் சேர்த்துத்தான் சதுர அடிக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். ஓரத்தைத் தேய்த்து வைத்துக்கொண்டால் சப்பாத்தி உருட்ட அதைவிட நல்ல பலகை கிடைக்காது.