கேம் டைமிங்: கவரை மூடும் முன் இரண்டு சுற்று

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கேம் செயினை, அதாவது வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை ஓட்டும் செயினை மாட்டி, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பொருத்தியதும் உடனே ஹெட் கவரை மூடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்கை (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) ஸ்பேனரால் இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்கிலும் கேமிலும் உள்ள டைமிங் குறிகள் சரியாகச் சேர்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒரு முறை சுற்றும். அதற்குள் செயினின் தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் போய்விடும். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். நடுவில் எங்காவது கெட்டியாக முட்டினால் அழுத்தவே கூடாது, வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இது தேவையில்லை, அதில் கேமே கிடையாது. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவியிருந்தாலோ வேறு கேம் போட்டிருந்தாலோ குறிகளை மட்டும் நம்ப முடியாது. டிகிரி வீல் (கிராங்கில் மாட்டும், கோண அளவு குறித்த வட்டு) வைத்துத்தான் பார்க்க வேண்டும்.