ஒரே இசைக்குழு, மூன்று பெயர்கள்: லண்டனின் கலைடாஸ்கோப்பைத் தேடிக் கேட்பது எப்படி?

லண்டனின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 1967 முதல் 1971 வரை நான்கு ஆல்பங்களைப் பதிவு செய்தார்கள். மூன்று அப்போதே வெளிவந்தன. நான்காவது 1991இல்தான் கடைக்கு வந்தது. அவர்கள் தனிப்பாட்டுத் தட்டுகளாக வெளியிட்ட சிங்கிள்களில் ஒன்றும் பெரிய வெற்றி பெறவில்லை. ஆனால் இன்று சைக்கடெலிக் ராக் (கனவுபோல மயக்கும் ஒலிகள் கொண்ட அறுபதுகளின் ராக் இசை) ரசிகர்கள் அந்த ஆல்பங்களைப் பொக்கிஷமாகப் போற்றுகிறார்கள். குழுவின் பெயர் கலைடாஸ்கோப்.

இப்போது அந்தப் பெயரை யூடியூப்பில் தட்டிப் பாருங்கள். வேறு யார் யாரோ வருவார்கள். புதிதாகத் தேட வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே சலித்துப் போய்விடுகிறார்கள். குழுவின் பெயரை விட்டுவிட்டு ஆட்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தானாகத் திறக்கும். மறந்துபோன பழைய குழு எதற்கும் இந்த முறை பொருந்தும். கலைடாஸ்கோப்பை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: நான்கு பெயர்களை எழுதி வையுங்கள்

பீட்டர் டால்ட்ரி: பாடகர், கீபோர்டும் வாசித்தார், பாடல் வரிகள் அவருடையவை. எடி பியூமர்: கித்தார், இசையமைப்பு. ஸ்டீவ் கிளார்க்: பாஸ் கித்தார், புல்லாங்குழல். டேன் பிரிட்ஜ்மேன்: டிரம்ஸ். ஆல்பத்துக்கு ஆல்பம் குழுவின் பெயர் மாறினாலும் இந்த நான்கு பேர் மாறவில்லை. குறிப்பாக டால்ட்ரி, பியூமர் என்ற இரண்டு பெயர்களும் பாடலாசிரியர் இடத்தில் சேர்ந்து அச்சாகியிருந்தால் அது இவர்களுடைய தட்டுதான். (தி ஹூ குழுவின் ரோஜர் டால்ட்ரி வேறு ஆள்.)

படி 2: அதே பெயரில் இருக்கும் மற்றவர்களைப் பிரியுங்கள்

அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு கலைடாஸ்கோப் இருந்தது. டேவிட் லிண்ட்லி, சாலமன் ஃபெல்ட்ஹவுஸ் ஆகியோர் இருந்த குழு அது. அருமையான குழு, ஆனால் நாம் தேடுவது அதை அல்ல. மெக்சிகோவில் 1969இல் ஒரே ஓர் ஆல்பம் வெளியிட்ட இன்னொரு கலைடாஸ்கோப்பும் உண்டு. இது போதாதென்று, நம் லண்டன் குழுவின் முதல் ஆல்பத்தின் தலைப்பு 'டேஞ்சரின் ட்ரீம்'. அதே பெயரில் புகழ்பெற்ற ஜெர்மானிய எலக்ட்ரானிக் இசைக்குழு ஒன்று இருக்கிறது. எனவே குழுவின் பெயரையும் ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால்கூடக் குழப்பம் தீராது.

தேடலுக்கு எப்போதும் பாடலின் தலைப்பைப் பயன்படுத்துங்கள். 'ஜென்னி ஆர்டிசோக்' போன்ற தலைப்புகளில் வேறு எதுவும் எளிதில் குறுக்கிடாது.

படி 3: கிடைப்பவற்றை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள்

இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தைக் கணக்குத் தொடங்காமலேயே பார்க்கலாம். ஒரு ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள கலைஞரின் பெயரைச் சொடுக்கினால் அவர் பங்கேற்ற மற்ற தட்டுகள் எல்லாம் வரிசையாக வரும். எடி பியூமரின் பெயரைச் சொடுக்கிப் பாருங்கள். கதை இப்படி விரியும்:

1967: ஃபான்டானா லேபிளில் (இசைத்தட்டு நிறுவனம்) 'டேஞ்சரின் ட்ரீம்'.
1969: அதே லேபிளில் 'ஃபெயின்ட்லி ப்ளோயிங்'.
1970: வெர்டிகோ லேபிளில் 'ஃப்ரம் ஹோம் டு ஹோம்'. இங்கே குழுவின் பெயர் ஃபேர்ஃபீல்ட் பார்லர்.
1970: ஐல் ஆஃப் வைட் இசைவிழாவுக்காக ஒரு சிங்கிள். குழுவின் பெயர் 'ஐ லவ் வைட்'.
1991: 'வைட் ஃபேஸ்ட் லேடி'. மறுபடியும் கலைடாஸ்கோப் என்ற பெயரில்.

1970இல் பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆல்பங்களும் விற்கவில்லை. பூவும் வண்ணமுமாக இருந்த சைக்கடெலிக் காலமும் முடிந்துபோயிருந்தது. பிபிசி வானொலி அறிவிப்பாளர் டேவிட் சைமண்ட்ஸ் இவர்களுக்கு மேலாளரானார். புதிய லேபிள், புதிய பெயர், நீண்ட, சிக்கலான அமைப்புள்ள புராக்ரசிவ் ராக் பக்கம் சாய்ந்த புதிய ஒலி. ஹெண்ட்ரிக்ஸ், தி டோர்ஸ், தி ஹூ எல்லோரும் வாசித்த அந்த ஐல் ஆஃப் வைட் விழாவில் இவர்களும் மேடையேறினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் பரவலான புகழ் வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

படி 4: கேளுங்கள், ஆனால் இந்த வரிசையில்

ஆண்டு வரிசை தேடலுக்குத்தான். கேட்பதற்கு வேறு வரிசை நல்லது. ஹெட்போன் கட்டாயம் வேண்டும். ஸ்டீரியோவில் (இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி) இந்த ஆட்கள் செய்திருக்கும் வேலை போன் ஸ்பீக்கரில் கேட்காது.

முதலில் 'ஃப்ளைட் ஃப்ரம் ஆஷியா'. இது அவர்களின் முதல் சிங்கிள். ஆபத்தில் சிக்கிய ஒரு விமானத்தைப் பற்றியது. மூன்று நிமிடத்துக்குள் இவர்களின் குணம் தெரிந்துவிடும்: இனிமையான மெட்டு, அதற்கு அடியில் ஒரு பதற்றம்.

அடுத்து 'ஃபெயின்ட்லி ப்ளோயிங்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல். டிரம்ஸ் வரும்போது ஒலி முழுவதும் சுழன்று, தலைக்கு மேலே விமானம் கடப்பதுபோல உயர்ந்து தாழும். இதற்குப் பெயர் ஃபேஸிங். அந்தக் காலத்தில் இதற்குத் தனிக் கருவி கிடையாது. ஒரே பதிவை இரண்டு ஒலிநாடா இயந்திரங்களில் ஒரே சமயத்தில் ஓடவிடுவார்கள். ஒன்றை மட்டும் மிகமிகச் சிறிதளவு பிந்த வைப்பார்கள்; விரலால் ரீலின் ஓரத்தை லேசாக அழுத்தினாலே போதும். இரண்டும் சேரும்போது சில சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இடைவெளி மாற மாற, அழியும் சுருதிகளும் மாறுகின்றன. அந்த நகர்வைத்தான் நம் காது சுழற்சியாக உணர்கிறது. பாடலை இரண்டாவது முறை கேட்கும்போது பாடகரை மறந்துவிட்டு, டிரம்ஸிலுள்ள உலோகத் தட்டான சிம்பலின் ஒலியை மட்டும் பின்தொடருங்கள். எந்த நொடியில் அது மெலிந்து, எப்போது திரும்பி வருகிறது என்று கவனியுங்கள். இதைப் பிடித்துவிட்டால் அந்தக் காலத்தின் நூறு தட்டுகளை வேறு காதுடன் கேட்பீர்கள்.

பிறகு 'தி ஸ்கை சில்ட்ரன்'. இது முதல் ஆல்பத்தின் கடைசிப் பாடல், ஏறத்தாழ எட்டு நிமிடம். தனியாகப் பல்லவி என்று ஒன்று இல்லை. சரணத்துக்கு மேல் சரணமாக ஒரு தேவதைக் கதை நீண்டுகொண்டே போகிறது. முதல்முறை கேட்பவர்கள் நான்காவது நிமிடத்தில் பொறுமை இழக்கலாம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மெட்டு மாறாமல் இருப்பதால்தான் கதையின் ஓட்டத்தில் நாம் கரைந்துபோகிறோம். இந்தக் குழுவின் உச்சம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதல் ஆல்பத்திலேயே 'மிஸ்டர் ஸ்மால், தி வாட்ச் ரிப்பேரர் மேன்' என்ற சிறிய பாடலும் இருக்கிறது. கடிகாரம் பழுதுபார்ப்பவரைப் பற்றிய சொற்சித்திரம். டால்ட்ரிக்கு மனிதர்கள்மீது இருந்த அக்கறையை இதில் பார்க்கலாம்.

இதற்குப் பின் ஃபேர்ஃபீல்ட் பார்லருக்கு வாருங்கள். ஒலி அடங்கியிருக்கும், அக்கூஸ்டிக் கித்தார், புல்லாங்குழல், மெல்லோட்ரான். மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு துண்டு ஒலிநாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் வயலின் குழுவோ புல்லாங்குழலோ சுமார் எட்டு நொடி ஒலித்து நின்றுவிடும். ரசிகர்களில் பலர் முதல் இரண்டு ஆல்பங்களையே கொண்டாடுகிறார்கள். எழுத்தின் முதிர்ச்சியை வைத்துச் சொன்னால், 'ஃப்ரம் ஹோம் டு ஹோம்' அவற்றைவிட ஒரு படி மேல் என்பேன்.

கடைசியாக 'வைட் ஃபேஸ்ட் லேடி'. மர்லின் மன்றோவின் வாழ்வைத் தழுவிய கதை, இரட்டை ஆல்பம். இதைத் துண்டுதுண்டாகக் கேட்காதீர்கள். ஒரு மாலையை ஒதுக்கி முழுவதும் கேளுங்கள்.

படி 5: எந்தப் பதிப்பு?

1967இல் ஃபான்டானா ஒரே ஆல்பத்தை மோனோவிலும் (இரண்டு பக்கமும் ஒரே ஒலி) ஸ்டீரியோவிலும் வெளியிட்டது. தட்டு எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள்: 'டிஎல் 5448' என்றால் மோனோ, 'எஸ்டிஎல் 5448' என்றால் ஸ்டீரியோ. அசல் தட்டுகள் நம் பணப்பைக்கு எட்டாத விலை. அவற்றின் பின்னால் ஓட வேண்டாம். மறுவெளியீடு வாங்கும்போது மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்தது என்று அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய தட்டிலிருந்தே நகலெடுத்த சி.டி.க்களும் சந்தையில் உண்டு. பாடல் தொடங்குவதற்கு முன் இருக்கும் ஒரு நொடி மௌனத்தில் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். முள் உரசும் சத்தம் கேட்டால் அது தட்டிலிருந்து எடுத்தது.

படி 6: அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டுங்கள்

வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி என்ற தளத்தில் 'மெலடி மேக்கர்', 'ரெக்கார்ட் மிரர்' பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கேயும் சிங்கிளின் தலைப்பை வைத்தே தேடுங்கள். கணினி படித்தெடுத்த எழுத்துகளில் பிழை இருக்கும் என்பதால், தலைப்பின் ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால் அதிகம் அகப்படும். சிங்கிள் வெளிவந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இதழ்களை விளம்பரம் உட்பட முழுவதும் பாருங்கள்.

படி 7: அடுத்த குழுவுக்கு

ஃபேர்ஃபீல்ட் பார்லரின் அசல் தட்டில், சுழலும்போது கண்ணை இழுக்கும் கறுப்பு வெள்ளைச் சுருள் லேபிள் ஒட்டியிருக்கும். எண் 6360 001. வெர்டிகோவின் அந்த எண் வரிசையே நல்ல வழிகாட்டி. 6360 002 கிரேஷியஸ் குழுவின் முதல் ஆல்பம். அதன் கடைசிப் பாடலான 'தி ட்ரீம்' பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவில் தொடங்கிப் பதினாறு நிமிடத்துக்கு மேல் போகிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.