மார்கழி இருட்டில் சைக்கிள் மிதிக்க எந்த லைட்?

காரைக்குடிக்குள் தெருவிளக்கு உண்டு. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஊர் எல்லை தாண்டினால் விடியும்வரை கும்மிருட்டுதான். அங்கே 50 லூமென் (வெளிச்சத்தின் அளவு) விளக்கு உங்களை மற்றவருக்குக் காட்டும், சாலைப் பள்ளத்தை உங்களுக்குக் காட்டாது. முன்பக்கம் 300 முதல் 400 லூமென் வேண்டும். சின்ன டப்பாவில் ‘5000 லூமென்’ என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். ஒற்றை 18650 பேட்டரியை (விரல் நீள லித்தியம் பேட்டரி) வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் மணிக்கணக்காக எரிய வழியே இல்லை.

முழு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கடையில் கேளுங்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் மினுக்கு நிலையின் கணக்கு. போக வர ஒரு மணி நேரமென்றால் இரண்டு மணி நேரம் தாங்குவதை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஐபிஎக்ஸ்4 (தண்ணீர் தெறித்தால் தாங்கும் தரம்) போதும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி தளர்ந்தால் மட்டும் தண்ணீர் இறங்கிவிடும். டயரில் உரசும் பழைய டைனமோ ஈரத்தில் வழுக்கும், வண்டி நின்றால் அணையும்.

ஒளிவட்டத்தின் நடு 6 முதல் 8 மீட்டர் தள்ளித் தரையில் விழும்படி சாய்த்து முடுக்குங்கள். நிமிர்த்தி வைத்தால் எதிரே வருபவருக்குக் கண் கூசும். பனிமூட்டத்தில் அந்த வெளிச்சம் உங்கள் முகத்துக்கே திரும்பும்.

பின்னால் சிவப்பு. கேரியரில் பை கட்டுபவர்கள் சீட்டுக்கு அடியில் மாட்டினால் மறைந்துபோகும். கேரியரின் பின்விளிம்பில் மாட்டுங்கள். ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள், அதற்குச் சார்ஜ் வேண்டாம்.