"தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள்: பிள்ளையோடு உட்கார்ந்து படம் பார்க்கும் முறை

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தாத்தா இறந்துபோனார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் மேளச் சத்தம் அடுப்படி வரை கேட்கும். பிள்ளைகளுக்கு மறைக்க முடியாது. ஐந்து வயதுச் சின்னவள், "தாத்தாவ ஏம்மா பெட்டியில படுக்க வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். வாசலில் ஆள் நிறைந்திருந்த அவசரத்தில், "தூங்குறாருடா" என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. மறுநாளும் இல்லை. விளக்கை அணைத்தால் அழுகை. கோயிலில் கயிறு கட்டினோம், மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். பத்தாவது நாள் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள்: "தூங்கினா பெட்டியில வச்சிருவாங்க."

அதற்கப்புறம்தான் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்க்கும் இந்த வேலையில் இறங்கினேன். சாவு, குடி, நிறம், நம்மைப் போல இல்லாத மனிதர்கள் என்று எல்லாமே பிள்ளைகளின் கண்ணில் எப்படியும் படப்போகிறது. டிவியில் பட்டால் நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம். அதுதான் அதிலுள்ள ஒரே வசதி. நாலு முதல் எட்டு வயது வரை பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கணக்குத் திறப்பது, செயலியை இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள்

துணி மடிக்கும்போது பார்த்தால் போதும். ஒரு தாளில் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: "42ஆவது நிமிடம், குடி", "58, அடி". தரக்குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். நம் நாட்டுத் தணிக்கை வாரியம் "யு" போட்டால் எல்லாரும் பார்க்கலாம், "பி12" என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு பெரியவர் இருக்க வேண்டும். நானும் "யு" என்றாலே ரிமோட்டைக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போனவள்தான். அந்தக் குறி இரத்தத்தையும் படுக்கையறையையும் பற்றி ஏதோ சொல்லும். கறுப்பான பெண்ணைக் கண்டதும் காமெடியன் அலறிக்கொண்டு ஓடும் காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. என் மகள் நல்ல கறுப்பு. அந்தக் காட்சியில் வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் குளியலறையில் பவுடர் டப்பா காலியாகிக் கிடந்தது.

படி 2: பூட்டு

யூடியூப் கிட்ஸ் செயலியில் வயதுப் பிரிவுகள் இருக்கின்றன: நாலும் அதற்குக் கீழும், 5 முதல் 8, 9 முதல் 12. இவற்றை விட்டுவிட்டு, "நானே தேர்ந்தெடுக்கிறேன்" என்ற நாலாவது வழிக்குப் போங்கள். அதில் நீங்கள் தொட்டு அனுமதித்த காணொளிகள் மட்டும்தான் வரும், தேடல் பெட்டியே இருக்காது. தமிழில் நான் தேடியவற்றில் பாதி அதில் கிடைக்கவில்லை. அதனால் என் வீட்டில் அது சும்மா பொழுதுபோக்குக்குத்தான். பேச வேண்டிய விஷயம் என்றால் பழைய மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரில் கூடத்து டிவியோடு இணைத்துவிடுவேன். இடைவெளி விசையைத் தட்டினால் நிற்கும். கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு "நானும் பக்கத்தில்தான் இருந்தேன்" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது.

அடுத்த காணொளி தானாக ஓடுவதை மறக்காமல் அணையுங்கள். நெட்ஃபிளிக்சில் அது ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி அமைப்பு. உங்களுடையதில் அணைத்தால் பிள்ளையுடையதில் அணையாது.

(திருத்தம்: யூடியூப் கிட்ஸில் பெற்றோர் பகுதிக்குள் போக, செயலி ஒரு பெருக்கல் கணக்குக் கேட்கும். "என் மகன் மூணாம் ஆண்டு, வாய்ப்பாடு தலைகீழாத் தெரியும், 6 × 8 எல்லாம் அவனுக்கு ஒரு நொடி" என்று ஒரு அக்கா கருத்துப் பகுதியில் எழுதியிருந்தார். எனக்கு இது தோன்றவே இல்லை, என் மகள் அப்போது பாலர் பள்ளி. அமைப்புக்குள் போய்ச் சொந்தமாக நாலு இலக்க எண் வைத்துவிடுங்கள். வீட்டு எண்ணை வைக்காதீர்கள்.)

படி 3: ஒரு உட்காரலுக்கு ஒரு விஷயம்

இருபது நிமிடம் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கே இரண்டு முதல் நாலு வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பதுதான். சாவையும் குடியையும் ஒரே மாலையில் திணிக்காதீர்கள்.

எந்த நாள் என்பதும் முக்கியம். மறுநாள் காலையில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் கேள்வி மறுநாள்தான் வரும். நான் சனிக்கிழமை சாயங்காலத்தை வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு ஆலையில் இரவு ஷிப்ட் இருந்தால் தள்ளிப் போடுவேன்.

படி 4: சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்ற பிள்ளைகள் நிகழ்ச்சி 1969இலிருந்து வருகிறது. அதில் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், கடைக்காரர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் பிள்ளை வளர்ப்பு தெரிந்தவர்களோடு கலந்து பேசி, கடைக்காரரும் இறந்துவிட்டதாகவே காட்டினார்கள். பெரிய மஞ்சள் பறவைப் பொம்மை எல்லாருக்கும் படம் வரைந்து கொண்டுவந்து கொடுக்கும், கடைக்காரருக்கு வரைந்ததை மட்டும் கொடுக்க ஆள் தேடும். பெரியவர்கள் சொல்வார்கள்: அவர் இறந்துவிட்டார், இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள். தூங்குகிறார் என்றோ, பயணம் போயிருக்கிறார் என்றோ யாரும் சொல்லவில்லை. 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். அன்று அங்கே குடும்பமே வீட்டில் இருக்கும் விடுமுறை நாள், பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கட்டும் என்றுதான் அந்த நாள். என் சனிக்கிழமை யோசனை வந்ததே அங்கிருந்துதான்.

அந்தத் துண்டை மகளோடு பார்த்தேன். ஆங்கிலம் அவளுக்குப் பாதிதான் புரியும், நான் பக்கத்தில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "இறந்துட்டார்" என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும் என் வாய் தானாக "சாமிகிட்ட" என்று தொடங்கியது. நம் வாய்க்கு அப்படித்தான் பழக்கம். சாமிகிட்டப் போனார், காலமானார், தவறிட்டார். "தவறிட்டார்" என்றால் ஐந்து வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? கடைத்தெருவில் தொலைந்துபோனார் என்றுதான். நிறுத்தி, மூச்சு விட்டு, திரும்பச் சொன்னேன்: "செத்துப் போயிட்டாரு. உடம்பு இனி அசையாது, மூச்சு விடாது, வலிக்காது. திரும்பி வரமாட்டாரு. தூங்குறது வேற. தூங்கினா காலையில எந்திரிச்சிருவோம்."

"பக்கத்து வீட்டுத் தாத்தா?"

"அவரும்தான். அன்னிக்கு அம்மா தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டு மைலோ கேட்டாள். அன்று ராத்திரி விளக்கை அணைத்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

சாமி நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் படையல் உண்டு. முதலில் செத்துப்போனார், சாமி பேச்சு அப்புறம். இந்த வரிசை மாறினால் எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கலாம்.

படி 5: நிறுத்துவது

முதல் தடவை இருபது நிமிடப் படத்தைப் பதினொரு தடவை நிறுத்தினேன். "பாத்தியா, இது தப்புதானே? அவங்களுக்கு எப்படி வலிக்கும்?" பெரியவன் எழுந்து வெளியே போய்விட்டான், "அம்மா, இது படமா பாடமா?" என்றபடி. இப்போது ஒரே ஒரு தடவைதான். எங்கே என்பதை முதல் படியில் எழுதிய தாளைப் பார்த்து முடிவு செய்துவிடுவேன். நிறுத்தியதும் கேள்வியும் கேட்பதில்லை, சும்மா இருப்பேன். பத்து நொடி பொறுத்தால் அவர்களே ஏதாவது சொல்வார்கள்.

குடி அப்படித்தான் வந்தது. படத்தில் குடிகாரன் தள்ளாடி விழுகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். நிறுத்தினேன். சின்னவள் கேட்டாள், "அங்க கால்வாய் பக்கம் மாமா விழுந்து கிடப்பாரே, அவரும் காமெடியா?" சம்சு என்ற மலிவுச் சாராயம் தெரியாத தோட்டம் எது? அந்த மாமாவின் மனைவி என் அம்மாவோடு பால் மரம் (ரப்பர்) வெட்டியவர். என்ன பதில் சொன்னேன் என்பதைவிட, கேட்டதற்கு மேல் சொல்லவில்லை என்பதுதான் இங்கே விஷயம். "இல்லடா, அவருக்கு அது நோய் மாதிரி. வீட்டுல எல்லாரும் கஷ்டப்படுறாங்க." அவ்வளவுதான். வீட்டுக்குள் விழும் அடி பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்கும் நாள் வரும்.

படி 6: காதையும் திறந்து வையுங்கள்

இது பெரியவன் கதை. வாரச் சந்தையில் தெமியார் என்ற பழங்குடியைச் சேர்ந்த குடும்பம் ஒன்று பெட்டாய்க் காய் விற்றுக்கொண்டிருந்தது. இவன் விரல் நீட்டி, "அம்மா, சக்காய்!" என்றான். அது பழங்குடி மக்களைத் திட்டும் வசை. அந்த மக்களின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. எங்கே கற்றுக்கொண்டான் என்று தேட வேண்டியதே இல்லை, அந்தச் சொல் எங்கள் வீட்டில்தான் புழங்கியது, என் வாயிலும்.

ஓராங் அஸ்லி என்று சொல்லப்படும் இந்தப் பழங்குடி மக்களைப் பற்றிய காணொளிகளைத் தேடினால் பெரும்பாலும் ஆட்டமும் வேட்டைக்கான ஊதுகுழலும்தான் வருகின்றன. அதை மட்டும் காட்டினால் பிள்ளைக்கு அவர்கள் வேடிக்கைப் பொருள். என் சிபாரிசு வானொலி. அரசு வானொலி நிறுவனமான ஆர்டிஎம்மின் அஸ்யிக் எஃப்எம் ஓராங் அஸ்லி மொழிகளில் பேசுகிறது, தெமியாரும் செமாயும் அதில் உண்டு. ஆர்டிஎம் கிளிக் செயலியில் கேட்கலாம். ஒரு சொல்லும் புரியாது. புரியாததுதான் நல்லது. அறிவிப்பாளர் சிரிக்கிறார், பாட்டுப் போடுகிறார், நம் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் மாதிரியே. பெரியவன் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "இவங்களும் டெடிகேஷன் போடுறாங்களாம்மா?" என்றான்.

நாலு நாள் கழித்து, பள்ளிக்கூட வேனில் வேறு பள்ளிப் பையன் ஒருவன் தன்னைக் "கெலிங்" என்று, இந்தியர்களைத் திட்டும் சொல்லால், கூப்பிட்டதாகச் சொன்னான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "சந்தையில நான் சொன்னதும் இதுதானா?" என்று கேட்டான். நான் எதையும் நிறுத்திக் காட்டவில்லை, அவனே இரண்டையும் சேர்த்துக்கொண்டான்.

அடுத்த சந்தைக்கு அவனைத்தான் பெட்டாய் வாங்க அனுப்பினேன். பேரம் பேசவில்லை, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டான். அதுவும் சரிதான்.

பிறகு சேர்த்தது: பாட்டி பிரச்சினை

மூன்று பேர் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்கள்: இதெல்லாம் சரி, மாமியார் எட்டு மணிக்கு நாடகம் போட்டால் என்ன செய்வது? விஷம் வைப்பதும் கழுத்தை நெரிப்பதுமாக ஒரு மணி நேரம் ஓடுகிறது, பிள்ளை மடியில் உட்கார்ந்து பார்க்கிறது.

சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. இப்போது மாமியாருக்கே ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். "அத்தை, சின்னவ கேள்வி கேட்டா நீங்களே சத்தத்தை அடக்கிட்டுப் பதில் சொல்லுங்க. உங்களுக்குத்தான் பொறுமை இருக்கு." ரிமோட் எப்படியும் அவர் கையில்தான் இருக்கும்.

போன வாரம் நாடகத்தில் யாரோ ரயிலேறிப் போனார்கள். சின்னவள் கேட்டாள், "பாட்டி, நம்ம வீட்டுல யாராச்சும் ரயில்ல போயிருக்காங்களா?" சத்தம் நின்றது. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"எங்க தாத்தா போனாரு. ஜப்பான்காரன் காலத்துல. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் வேணும்னு தோட்டத்திலேர்ந்து கூட்டிக்கிட்டுப் போனான்."

சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள் என்பதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த வீட்டிலிருந்து ஒருவர் போனது எனக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினோரு வருடம்.

"திரும்பி வந்தாரா?"

"வரல. அங்கயே செத்துப் போயிட்டாரு."

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். "அவருக்கு அங்க சோறு யாரு போட்டாங்க?"

மாமியார் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அவளை மடியில் இழுத்துக்கொண்டார்.